மாடித் தளத்துக்குத் தண்ணீர் கட்டிய நான்கு நாட்கள்

1

2024 நவம்பர் 4, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். மாடி அறையின் தளத்துக்குள் பதிந்திருக்கும் குழாய்களில் வெந்நீரை நான் முதன்முறையாகத் திறந்துவிட்ட நேரம் அது. கருவியில் இருபத்தைந்து டிகிரி வைத்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாளின் முதற் கட்டத்தில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதி முடித்த பின்புதான் தேதியைக் கவனித்தேன். நான் இந்த நாட்டில் வந்திறங்கி அன்றோடு இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அதைச் சொல்வதற்கு வீட்டில் வேறு எவரும் இல்லை. ஆகவே கீழே இறங்கி வந்து காப்பி போட்டுக் குடித்தேன்.

செஞ்சியில் இதைப் படிப்பவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு சிறிய பல்கலைக்கழக ஊரில் ஒப்பிலக்கியம் படிக்கிறேன். ஹெல்கா என்னும் எழுபது வயது அம்மையாரின் வீட்டு மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அந்த அறையின் பழைய மரத்தரையைப் பெயர்த்துவிட்டு, வெந்நீர்க் குழாய்கள் ஓடும் தளம் அமைத்து, அதன்மேல் இயற்கைக் கல் பதிப்பதென்று அவர் கோடையிலேயே முடிவு செய்திருந்தார். நம் ஊர்க் கடப்பாக் கல்லைப் போன்ற சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். கல் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். அதனால்தான் கல்.

அக்டோபரில் தளக்கலவை ஊற்றப்பட்டது. ஊற்றிய மறுவாரம் ஹெல்கா தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து, நடை பழக்கும் விடுதி ஒன்றுக்கு அவரை அனுப்பினார்கள். நான் கீழே தையல் மெஷின் இருக்கும் சிறு அறையில் படுத்துக்கொண்டு, வீட்டையும் தளத்தையும் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் முதல் தேதி ஹெல்கா திரும்பி வருவார். துணைக்கு ஒரு பெண் வருவார். தையல் அறை அவருக்கு. நவம்பர் முப்பதுக்குள் மாடியில் கல் பதித்து முடித்தால் நான் மேலே போவேன். முடியாவிட்டால் எனக்கு அந்த வீட்டில் இடமில்லை. டிசம்பரில் என் விசாவை நீட்டிக்க வேண்டும். அதற்குப் புதிய வாடகை ஒப்பந்தம் வேண்டும். அறைக்குத் தரை வந்த பிறகே ஹெல்காவின் மகன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். ஆகவே இந்த நாட்டில் என் இருப்பு, நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள ஒரு தளம் காய்வதைப் பொறுத்திருந்தது.

2

தளம் தானாகக் காய்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். கல் ஏறுவதற்கு முன்பே தளம் ஒரு முறை சூட்டைப் பார்த்துவிட வேண்டும். மூன்று நாள் இருபத்தைந்து டிகிரி. பிறகு நாளுக்கு ஐந்து டிகிரியாக ஏற்றி நாற்பத்தைந்து. அங்கே ஐந்து நாள் நிறுத்தி, அதே படிகளில் இறக்க வேண்டும். வெடிப்பதாக இருந்தால் கல்லுக்கு முன்பே வெடித்துவிடட்டும் என்பது கருத்து. நான்கு சுவர் ஓரங்களிலும் விரல் கனத்துக்கு நுரைப்பட்டை வைத்திருந்தார்கள். சூடேறினால் தளம் விரியும். விரிவதற்கு இடம் வேண்டும். சுவரைத் தொட விடக் கூடாது.

இத்தனையையும் தினமும் ஒரே நேரத்தில் தாளில் பதிய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கல் பதிப்பவர் ஒரு கல்லைக்கூட இறக்க மாட்டார். தொலைபேசியில் ஹெல்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் எழுதுவீர்கள் அல்லவா?"

எழுதுவேன் என்றேன். எழுதுவது எனக்கு வரும்.

கையெழுத்துக் கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது என் அப்பாவின், நைனாவின் பெயர். ஆகவே இங்கே வங்கியிலும் மருத்துவமனையிலும் என்னை முனுசாமி என்றே அழைக்கிறார்கள். முதல் சில மாதங்கள் வரிசையில் நிற்கும்போது அந்தப் பெயர் ஒலித்தால் திரும்பிப் பார்ப்பேன், அவர் பின்னால் நிற்பதுபோல. இப்போது திரும்புவதில்லை. தாளின் ஒவ்வொரு கட்டத்திலும் முனுசாமி, முனுசாமி என்று எழுதினேன்.

3

சூடான மாடி என்பது செஞ்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டிய பொருளல்ல. ஏப்ரல் வந்தால் சுற்றியுள்ள மலைப்பாறை முழுவதும் பகலில் வாங்கியதை இரவில் ஊருக்குள் விடும். எங்கள் வீட்டு மாடி அறையில் மாலை ஆறு மணிக்குக் கால் வைக்க முடியாது. ப்ளஸ் டூ தேர்வுக்கு நான் அந்த அறையில்தான் படித்தேன். படிப்பதற்கு முன் மொட்டை மாடியில் பன்னிரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் பக்கெட் விழுந்ததும் தரை சீறும். ஆவி முகத்தில் அடிக்கும். அங்கே தளத்தின் சூட்டை இறக்கப் பாடுபட்டவள், இங்கே அதை ஐந்தைந்து டிகிரியாக ஏற்றிக் குறிப்பெழுதுகிறேன்.

நைனா கட்டட மேஸ்திரி. பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் புதிதாக எழும் வீடுகளில் பாதியில் அவர் கை பட்டிருக்கும். நான் சிறுமியாக இருந்தபோது, அவர் போட்ட தளங்களுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. பள்ளிக்குப் போகும் வழியில் குடத்தோடு ஏறுவேன். தளத்தின்மேல் கலவையால் சிறு வரப்புகள் எழுப்பி, வயல் பாத்தி போலச் சதுரம் சதுரமாகப் பிரித்துத் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். ஓரங்களில் நனைந்த கோணி. பாத்தி வற்றினால் மறுபடி நிரப்ப வேண்டும். ஏழு நாள், சில இடங்களில் பதினான்கு நாள். தளத்துக்குத் தண்ணீர் கட்டாத வீட்டை நைனா வீடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

இலக்கியம் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் தடுக்கவில்லை. "படி" என்றார். அதற்கு மேல் கேட்க அவரிடம் கேள்வி இல்லை. சொல்ல என்னிடமும் வழி இல்லை. இரண்டு ஆண்டுகளாக எங்கள் தொலைபேசிப் பேச்சு நாற்பது நொடியில் முடியும். "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "ம். குளிரு இருக்குதா?" "இருக்குது." "சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." அம்மாவோ, "இன்னாடி, டிவில நியூஸ் படிக்கிறவ மாதிரி பேசற" என்று தொடங்குவார். நானும் பேச்சை நிதானித்து, ஊர் வார்த்தை ஒன்றைத் தேடி எடுத்துப் போடுவேன். தேடி எடுத்தது அவருக்கும் தெரிந்துவிடும்.

4

தளத்தைப் பற்றி நைனாவிடம் சொன்னது தற்செயல். நவம்பர் நான்காம் தேதி காலை அவர் அழைத்தபோது நான் மாடியில் நின்றிருந்தேன். செஞ்சியில் அப்போது மணி பதினொன்று ஐம்பது; வேலையிடத்தில் சாப்பாட்டுக்குச் சற்று முந்திய நேரம்.

"எங்க நிக்கிற? பின்னால இன்னா அது, சுவர்ல கலர் கலரா பட்டை?"

"மாடித் தரை நைனா. சிமெண்ட் போட்டிருக்காங்க. உள்ள பைப்புல சுடு தண்ணி ஓடும். அப்புறம் மேல கல்லு பதிப்பாங்க."

"தரைக்குள்ள சுடு தண்ணியா? ஏய் ஏழுமல, இங்க வாடா. இத பாரு."

நைனாவோடு இருபது ஆண்டுகளாக வேலை செய்பவர் ஏழுமலை அண்ணன். திரையில் அவர் முகம் பாதி வந்தது.

"இன்னா மேஸ்திரி, படிக்க அனுப்பினேன்னு சொன்ன. பொண்ணு அங்க போயி சித்தாளு வேல பாக்குது."

"கூலி எவ்ளோன்னு கேளு. கட்டுப்படி ஆச்சின்னா நாமளும் பூடலாம்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நாங்கள் பதினோரு நிமிடம் பேசினோம்.

மறுநாளும் அதே நேரத்தில் அழைப்பு வந்தது. "இன்னிக்கி எவ்ளோ?" "இருபத்தஞ்சு." "நேத்தும் அதானே?" "மூணு நாளைக்கு அதான் நைனா." அடுத்தடுத்த நாட்களில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. கேமராவைத் தரையின்மேல் மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்வார். மூலை மட்டம் சரியில்லை என்பார். நுரைப்பட்டையைப் பார்த்துவிட்டு, "இது நல்ல வேல. நாமளும் இத்த செய்யலாம்" என்பார். நான் எண்ணைச் சொல்வேன்; அவர் உரக்கத் திருப்பிச் சொல்வார்; தூரத்தில் ஏழுமலை அண்ணனின் குரல், "நாப்பதா? நம்ம ஊரு மொட்ட மாடியே தேவல" என்னும். தொலைபேசியை வைத்த பின் வீடு முன்னைவிடப் பெரிதாகத் தோன்றும். அடுத்த காலை ஏழு இருபதுக்கு இன்னும் இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறேன்.

5

பதினோராம் தேதி, தளம் நாற்பத்தைந்து டிகிரிக்கு வந்த மறுநாள், கதவோரத்தில் ஒரு வெடிப்பு தெரிந்தது. முடி கனம், ஒரு சாண் நீளம். கேமராவில் அதைத்தான் நைனா முதலில் பார்த்தார்.

"வெடிச்சிருக்குது பாரு. தண்ணி கட்டினாங்களா இல்லையா?"

"இல்ல நைனா. அப்படி எதுவும் செய்யல."

"தண்ணி கட்டாம சூடு வெச்சாங்களா? அப்பறம் இன்னா ஆவும்? கோணி கிடைக்குமா அங்க?"

"கோணிக்கு எங்க போறது?"

"துண்டு எதுனா நனைச்சிப் போடு. வெடிப்பு மேல, சுத்தி ரெண்டடிக்கு. காய விடாத. நாலு நாளு. அப்பறம் பாரு."

நான் உடனே செய்துவிடவில்லை. தாளை மறுபடி படித்தேன். வரிக்கு வரி படிப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு. புதிய தளத்தை நேர் வெயிலிலிருந்தும் காற்று வீச்சிலிருந்தும் காக்கவும் என்று ஓரிடத்தில் இருந்தது. அது கலவை ஊற்றிய முதல் இரண்டு நாட்களுக்கானது. ஆனால் அன்று அதை நைனாவின் குரலில் படித்தேன். அவரும் அதைத்தானே சொல்வார்: வெயில் படக் கூடாது, காற்றுப் படக் கூடாது, ஈரம் போகக் கூடாது. தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று தாளில் எங்கும் இல்லை. ஊற்றுவார்கள் என்று எண்ண இங்கே எவருக்கும் தோன்றியிருக்காது.

குளியல் துண்டுகள் மூன்று, பழைய போர்வை ஒன்று. நனைத்து விரித்தேன். காலையும் மாலையும் ஒவ்வொரு சாடி தண்ணீர் தெளித்தேன். அடியில் சூடு இருந்ததால் துண்டுகளிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. அறைக்கு ஒரு வாசனை வந்தது. புதுக் கட்டடத்தின் வாசனை. நனைந்த தளம், நனைந்த துணி. வெளியே பனி பெய்யலாம் என்று வானிலை அறிவிப்பு சொன்ன அந்த வாரம் முழுவதும், நூலகத்துக்குப் போகாமல், அந்த அறையின் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து படித்தேன். உண்மையைச் சொல்வதானால், வெடிப்புக்காக மட்டும் நான் அந்தத் துண்டுகளை நனைக்கவில்லை.

தாளில் வெப்பநிலையை எழுதினேன். தண்ணீரை எழுதவில்லை. அதற்கென்று கட்டம் இல்லை.

6

பதினைந்தாம் தேதி காலை துண்டுகளை எடுத்தேன். வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. நைனா, "பாத்தியா?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த பெருமிதத்தை நான் இதற்கு முன் பள்ளிப் பரிசளிப்பு விழாவில்கூடக் கேட்டதில்லை.

பதினெட்டாம் தேதி பிற்பகல், வெப்பம் மறுபடி இருபத்தைந்துக்கு இறங்கியிருந்தது. மறுநாள் கல் பதிப்பவர் ஈரச் சோதனைக்கு வருகிறார் என்பதால் அறையைப் பெருக்கினேன். கதவோரத்தில் தூசி ஒட்டியிருப்பதுபோல் இருக்கவே விரலால் சுரண்டினேன். என் நகம் தளத்துக்குள் இறங்கியது. எடுத்தபோது அங்கே பிறை வடிவில் ஒரு தடம். பக்கத்தில் இன்னொரு முறை அழுத்தினேன். இன்னொரு பிறை. ஜன்னலோரம் போய் அழுத்தினேன். அங்கே நகம்தான் மடங்கியது.

சோதனைக்கென்று அறையில் மூன்று இடங்களைச் சிவப்புக் குச்சி நட்டு முன்பே குறித்திருந்தார்கள். மூன்றும் கதவிலிருந்து தள்ளி இருந்தன. நான் பேசாமல் இருந்தால் சோதனை தேறும்; வியாழக்கிழமை கல் ஏறும்; ஒப்பந்தம் வரும்; விசா வரும். கதவோரக் கல் என்றாவது ஒரு குளிர்காலத்தில் காலடியில் ஆடத் தொடங்கும். அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.

அன்று மாலை முழுவதும் இந்த வாக்கியங்களையே வரிசை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

கல் பதிப்பவரின் பெயர் ஊவே. ஐம்பது வயதிருக்கும், முழங்காலில் தோல் பட்டை கட்டியே நடப்பவர். என் ஜெர்மன் புத்தகத்திலிருந்து வந்தது. நான் வணக்கம் சொல்லி வரவேற்று முடிக்கும் வரை அவர் பொறுமையாக நின்றார்.

"நகரத் தலைவருக்குக் கடிதம் எழுதுவதுபோலப் பேசுகிறீர்கள்" என்றார். "நான் வெறும் ஊவே."

தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலோட்டிப் படித்தார். ஒவ்வொரு நாளும் ஏழு இருபது. "இவ்வளவு சுத்தமான தாளை நான் பார்த்ததில்லை. என் ஆட்கள் பதினைந்து நாளையும் கடைசி நாளில் ஒரே பேனாவில் எழுதுவார்கள்." குறித்த இடங்களில் உளியால் தளத்தை ஆழம் வரை பெயர்த்து, துகளாக்கி, இரும்புக் குப்பியில் இரும்புக் குண்டுகளோடு போட்டுக் குலுக்கினார். மூடியில் ஈரத்தைக் காட்டும் முள் அசைந்து நின்றது. மூன்று இடமும் தேறியது. தாளின் அடியில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

"வேறு ஏதாவது உண்டா, முனுசாமி? தளத்தில் ஏதும் நடந்ததா?"

வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் தண்ணீர் விடச் சொன்னவரின் பெயரைச் சொல்லியே கேட்டார்.

"கதவோரத்தில் நான்கு நாள் தண்ணீர் வைத்தேன்" என்றேன்.

"கொட்டிவிட்டதா?"

"இல்லை. வைத்தேன். ஈரத்துணி போட்டு."

பேனாவை மூடினார். கதவோரம் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்த ஆணியால் கோடு இழுத்தார். சோப்புக் கட்டியில் இழுத்ததுபோல் இறங்கியது.  கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது வியப்பு.

"எதற்காக?"

"வெடிப்பு இருந்தது. எங்கள் ஊரில் புதுத் தளத்துக்குத் தண்ணீர் கட்டுவார்கள். என் தந்தை கட்டட வேலை செய்பவர். அவர் சொன்னார்."

"சிமெண்ட் தளத்துக்கு அவர் சொன்னது சரி. நானும் நனைப்பேன். இது ஜிப்சம். ஊறினால் மாவு. கட்டட வேலை செய்பவருக்கு அது தெரியாமல் இருக்குமா? இது என்ன பொருள் என்று அவரிடம் சொன்னீர்கள்?"

 பதில் எனக்குத் தெரியும்.

ஈரமான பகுதியை வெட்டி எடுத்து, அடியை உலர்த்தி, நிரப்பி, மறுபடி சூடேற்றிச் சோதிக்க மூன்று வாரம் ஆகும் என்றார். நாளைக் காலை ஒன்பதுக்கு வெட்டும் கருவியோடு வருவார். "அதற்குள் எல்லையைக் குறித்து வையுங்கள். சாவியால் தட்டிப் பாருங்கள். கெட்டுப்போன இடம் மந்தமாகக் கேட்கும். அந்த ஒலி முடியும் இடத்தில் கோடு." படியிறங்கும்போது நின்று, "சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்" என்றார். அது பாராட்டா, எச்சரிக்கையா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

8

ஹெல்காவை அழைத்தேன்.

"நான் உங்களை எழுதத்தானே சொன்னேன்?" என்றார்.

"ஆம்."

"எழுதினீர்களா?"

"எழுதினேன். தண்ணீரை மட்டும் எழுதவில்லை."

அந்தப் பக்கம் யாரோ சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் ஓசை கேட்டது. "அறை உங்களுடையதுதான்" என்றார் கடைசியில். "தரை வந்த பிறகு. ஆனால் டிசம்பர் முதல் தேதி உங்களுக்குக் கட்டில் போட என்னிடம் இடமில்லை. உங்களுக்குப் புரிகிறதா?"

புரிந்தது. மாணவர் விடுதியில் விருந்தினர் அறை ஒன்று மூன்று வாரத்துக்குக் கிடைக்கலாம். அங்கே குடியேறியதை நகராட்சியில் பதிய வேண்டும். வெளியேறியதைப் பதிய வேண்டும். மறுபடி இங்கே குடியேறியதைப் பதிய வேண்டும். விசா அலுவலகத்துச் சந்திப்பைத் தள்ளிவைக்க ஓர் இணையப் படிவம் உண்டு. காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லியிருந்தது. என் தரை ஈரமாக இருப்பதால் என்று எழுதி, அழித்துவிட்டு, மறுபடி அதையே எழுதி அனுப்பினேன்.

பிறகு நைனாவை அழைத்தேன். இங்கே பன்னிரண்டு, அங்கே நாலரை, தேநீர் நேரம். நான் அந்த நேரத்தில் அழைத்ததே இல்லை.

"இன்னாம்மா? உடம்பு எதுனா சரியில்லயா?"

"இல்ல நைனா. அந்தத் தண்ணி..."

"பத்தலயா?"

"விட்டிருக்கக் கூடாது. தரை ஊறிப்போச்சி. வெட்டி எடுக்கணுமாம்."

"சிமெண்ட் எப்பிடி ஊறும்?"

"சிமெண்ட் இல்ல. ஜிப்சம்."

தேநீர் டம்ளரைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. 

"ஃபால்ஸ் சீலிங்குக்கு போடறோமே, அந்த ஜிப்சமா?"

"அந்த மாதிரிதான்."

"அதுல தண்ணி பட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? நீ சிமெண்டுன்னு இல்ல சொன்ன?"

ஆம். முதல் நாளே அப்படித்தான் சொன்னேன். கலவையின் ஜெர்மன் பெயர் எனக்குத் தெரியும். அகராதியில் பார்த்து, அதன் வேர்ச்சொல் வரை குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். நைனாவிடம் சொல்லும்போது மட்டும் சிமெண்ட் என்றேன். அவருக்கு அது போதும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. அவ்வளவு எளிதாக நடந்தது. என் படிப்பை, என் ஆய்வேட்டை, இந்த ஊரை, இரண்டு ஆண்டுகளாக எல்லாவற்றையும் அவருக்கு இப்படித்தான் சுருக்கிக் கொடுத்துவந்திருக்கிறேன். வெளிநாடு போன பிள்ளைகள் பேச மறந்துபோகிறார்கள் என்று ஊரில் குறைப்படுவார்கள். நான் பேச மறக்கவில்லை; தினமும் பேசினேன். பேசிய பொருளில் பாதியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

"என்னையத்தான் கேட்ட" என்றார் நைனா. குரலில் கோபம் இல்லை. "ஆனா இன்னான்னு சொல்லாம கேட்ட."

"நைனா..."

"உனக்கு அந்த ரூம்பு?"

"மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் ஆஸ்டல்ல இருந்துக்குவேன்."

"ம்." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "ஏழுமல கூப்பிடறான். வைக்கறேன்."

வழக்கமாக அவர் சாப்டியா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

9

மறுநாள், நவம்பர் 20, புதன்கிழமை. ஏழு இருபதுக்கு மாடியில் இருந்தேன். இருபது டிகிரி. எழுதினேன். தொலைபேசி ஒலிக்கவில்லை. ஏழு முப்பது வரை ஜன்னலருகே நின்றேன். எதிர்வீட்டுக் கூரையில் மெல்லிய பனி படிந்திருந்தது. பின் நானே அழைத்தேன்.

நான்காவது ஒலியில் எடுத்தார். "ம்."

"நைனா, தரையப் பத்தி முழுசா சொல்றேன். கேக்கறியா?"

"சொல்லு."

சொன்னேன். அடியில் பழைய மர உத்திரங்கள், அவற்றின்மேல் பலகை, அதன்மேல் குழாய், குழாயின்மேல் மூன்றரை சென்டிமீட்டர் ஜிப்சம் கலவை. மரம் பாரம் தாங்காது என்பதால்தான் கனமான சிமெண்ட் போடவில்லை என்றேன். குழாய்களுக்கு இடையில் எத்தனை இடைவெளி என்று கேட்டார்; கலவை ஊற்றுவதற்கு முன் எடுத்த படத்தைப் பார்த்துச் சொன்னேன். கல் என்ன கனம், ஒட்டும் பசை விரிந்து கொடுக்குமா, வெட்டும்போது குழாயில் படாமல் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். எந்தச் சொல்லையும் சிறிதாக்கவில்லை. ஓரிடத்தில், "இரு, இரு. அத்த திரும்ப சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன்.

"ஒம்பது மணிக்கு வெட்ட வராங்க. அதுக்குள்ள எல்லை குறிக்கணும். சாவியால தட்டிப் பாக்கச் சொன்னாரு. எனக்குச் சத்தம் பிரிச்சிப் பாக்கத் தெரியல நைனா. எல்லாம் ஒண்ணாவே கேக்குது."

"போன தரையில வெய்யி. ஏழுமல, அந்த மிஷின நிறுத்து."

"சென்ட்ரிங் பலகைய பிரிக்கிற நேரத்துல..." என்றார் ஏழுமலை அண்ணன்.

"நிறுத்துடான்னா."

இரைச்சல் அடங்கியது. செஞ்சியில் ஒரு கட்டடம் முழுவதும் அமைதியாவதை நான் கேட்டேன். தொலைபேசியைக் கதவருகே தரையில் வைத்து, அதன் பக்கத்தில் மண்டியிட்டு, வாசல் சாவியால் தட்டினேன்.

"மந்தமா இருக்குது. தள்ளு."

ஒரு சாண் தள்ளித் தட்டினேன்.

"அதே தான். இன்னும்."

தட்டினேன்.

"இன்னும். அவசரப்படாத."

தட்டினேன். "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடி அதே இடத்தில் தட்டினேன்.

"அங்க கணீர்னு இருக்குது" என்றார் நைனா. "அங்க கோடு போடு."

சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டேன். பிறகு அடுத்த பக்கம் தட்டினேன்.